வயிற்றில் ஆபரேஷன், அப்பாவுக்கு மூச்சு ஏன் பாதியாகிவிட்டது?

தோ பாயோ மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. லேப்ராஸ்கோப்பி மூலம்தான், அதாவது சின்னத் துளைகள் வழியாகத்தான் ஆரம்பித்தார்கள். பித்தப்பை வீங்கிப்போய்ப் பக்கத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததால் நடுவில் முடிவை மாற்றி, வலது விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்து எடுத்துவிட்டார்கள். காயம் நன்றாக ஆறுகிறது, கஞ்சி, இட்லி, மீன் சூப் எல்லாம் சாப்பிடுகிறார், வீட்டுக்கும் வந்துவிட்டார்.

மூச்சுதான் இன்னும் சரியாகவில்லை. முழு வாக்கியம் பேச வரவில்லை, பாதியில் நிறுத்தி ஒரு சின்ன மூச்சு இழுத்துவிட்டுத்தான் தொடர்கிறார். சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு மேலே எழுகிறது, வயிறு உள்ளே போகிறது. எனக்குத் தெரிந்து அது எதிர்மாறாக இருக்க வேண்டும். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், நுரையீரலின் அடிப்பகுதி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை, மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி, மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சொன்னவர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னார், அப்பா தலையாட்டினார், ஆனால் அவருக்குப் புரியவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். வலி மாத்திரை போட்ட பிறகு வலி பெரிதாக இல்லை என்று அவரே சொல்கிறார். அப்போதும் ஆழமாக இழுங்கள் என்றால் "இழுக்க வரமாட்டேங்குதும்மா" என்கிறார். வலி இல்லையென்றால் ஏன் வரவில்லை? நுரையீரல் நரம்பு ஏதாவது அறுந்துவிட்டதோ என்று அம்மாவுக்குப் பயம், அதனால் எழுந்திருக்கவே விடாமல் படுக்க வைத்திருக்கிறார். சித்தப்பா அது மயக்க மருந்து இன்னும் உடம்பில் இருப்பதால்தான் என்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுகிறவர் அப்பா, ஒரு வரியை ஒரே மூச்சில் பாடிவிடுவார். எப்போது திரும்பப் பாட முடியும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வார்டு பிசியோ:

முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பது மேல் வயிற்றைத் திறந்த பெரும்பாலானவர்களுக்கு வருவது, நரம்பு அறுந்ததன் அடையாளம் இல்லை. நான் அறுவை சிகிச்சை வார்டில் இயன்முறை சிகிச்சையாளர், காலையில் போனால் இதே மாதிரி மூச்சு விடுகிற நாலைந்து பேரையாவது பார்ப்பேன்.

உதரவிதானம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் போல இருக்கும் தசை. சாதாரணமாக மூச்சு இழுக்கும்போது அது சுருங்கிக் கீழே இறங்கும், இறங்கும்போது கல்லீரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளும், அதனால் வயிறு வெளியே வரும். அமைதியாக இருக்கும்போது மூச்சின் பெரும்பகுதி வேலையை அதுதான் செய்கிறது. அதற்குப் போகிற நரம்பு கழுத்துத் தண்டுவடத்தில் 3, 4, 5-ஆம் வேர்களிலிருந்து கிளம்பி, நெஞ்சு வழியாக மேலிருந்து இறங்கி வருகிறது. பித்தப்பை இருப்பது உதரவிதானத்துக்குக் கீழே, கல்லீரலின் அடியில். அங்கே வேலை செய்கிற சர்ஜனின் கத்தி அந்த நரம்பின் வழியில் வரவே வராது.

அப்புறம் ஏன் தசை வேலை செய்யவில்லை? உங்கள் கேள்வியைத்தான் 1980களில் ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். 1983-இல் கனடாவிலும் பிரான்சிலும் தனித்தனியாக இரண்டு குழுக்கள், மேல் வயிற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் சின்ன பலூன்களை வைத்து, உதரவிதானத்துக்கு மேலேயும் கீழேயும் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். மூச்சு வேலை உதரவிதானத்திலிருந்து விலாத் தசைகளுக்கு மாறியிருந்தது தெரிந்தது. பிரெஞ்சுக் குழு இன்னொன்றும் செய்தது. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் எபிடியூரல் குழாய் வழியாக ஃபென்டனில் என்ற வலி மருந்தைக் கொடுத்து வலியைக் குறைத்துப் பார்த்தார்கள். வலி போனது, உதரவிதானம் மட்டும் திரும்ப வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு வாரம் அப்படியே இருந்தது. உங்கள் அப்பா சொல்வதும் அதேதான், அவர் சாக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் தசையே களைத்துப் போய்விட்டதா? அதையும் சோதித்தார்கள். 1986-இல் வெளிவந்த ஆய்வில், கழுத்தில் அந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தபோது உதரவிதானம் அறுவை சிகிச்சைக்கு முன் எவ்வளவு பலமாகச் சுருங்கியதோ அவ்வளவு பலமாகவே சுருங்கியது. தசை நன்றாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து கிளம்புகிற கட்டளைதான் குறைந்துவிடுகிறது. பிறகு 1988-இல், நெஞ்சுப் பகுதி எபிடியூரலில் மரத்துப்போக வைக்கும் புப்பிவகெய்ன் கொடுத்தபோது உதரவிதானம் ஓரளவு எழுந்து வந்தது. ஃபென்டனில் வலியை மட்டும்தான் மட்டுப்படுத்தியது. புப்பிவகெய்னோ வயிற்றுக்குள்ளிருந்து மேலே போகும் நரம்புச் செய்திகளையே தடுத்துவிடுகிறது. உள்ளே தொட்டு, இழுத்து, வெட்டிய உறுப்புகளிலிருந்தும் வயிற்றுச் சவ்விலிருந்தும் போகும் செய்திகள்தான் மூளையை அடக்கி வாசிக்க வைக்கின்றன என்று பலர் நினைப்பதற்கு இதுதான் காரணம். மனிதர் தூங்கினாலும் விழித்தாலும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது நடக்கும். அதனால் தயவுசெய்து யாரும் அவரிடம் "முயற்சி பண்ணினால் வரும்" என்று கடிந்துகொள்ள வேண்டாம்.

இதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக மூச்சை விடுவதற்குத் தசை வேலை தேவையில்லை, தானாகவே வெளியே போய்விடும். வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுச் சுவரின் தசைகள் மூச்சு விடும்போது இறுகிக்கொள்கின்றன, காயத்தைக் காப்பாற்றுகிற மாதிரி. அந்த இறுக்கம் அழுத்த அளவுகளையே மாற்றிவிடுகிறது, அதனால் உதரவிதானம் மந்தமாகத் தெரிவதில் ஒரு பங்கு அதனுடையது என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். என் அனுபவத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. உங்கள் அப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், மூச்சு விடும்போது இறுகுவது தெரியும்.

வயிறு உள்ளே போவதும் இதனால்தான். உதரவிதானம் இறங்காதபோது விலாத் தசைகளும் கழுத்துத் தசைகளும் நெஞ்சுக்கூட்டைத் தூக்குகின்றன, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, தளர்ந்து கிடக்கும் உதரவிதானம் மேலே உறிஞ்சப்படுகிறது, கூடவே வயிறும் உள்ளே போகிறது. நீங்கள் கவனித்தது மிகச் சரி.

அளவு என்று கேட்டால், மேல் வயிற்றைத் திறந்த மறுநாள், ஒருவர் முழுதாக இழுத்து முழுதாக விடக்கூடிய காற்று முன்பிருந்ததில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏறும். தொப்புளுக்குக் கீழே செய்கிற அறுவை சிகிச்சையில் இந்தச் சரிவு மிகவும் குறைவு.

இனி என்ன செய்வது என்பது. உதரவிதானத்தை அதட்டி எழுப்ப முடியாது, அது தன் நேரத்தில் வரும். அது வரும்வரை நுரையீரலின் அடிப்பகுதி மூடிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. நாம் எல்லோரும் மணிக்குச் சில முறை நமக்கே தெரியாமல் ஒரு பெருமூச்சு விடுகிறோம், அதுதான் சுருங்கிய காற்றறைகளைத் திரும்பத் திறக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பெருமூச்சு காணாமல் போய்விடுகிறது, எல்லா மூச்சும் ஒரே மாதிரி மேலோட்டமாக இருக்கிறது. அப்பாவின் எக்ஸ்ரேயில் அடிப்பகுதி சுருங்கித் தெரிந்தது இதனால்தான். அங்கே சளி தேங்கினால் நிமோனியா வரலாம். அதைத்தான் தடுக்கிறோம்.

அதனால் அவரைப் படுக்க வைக்காதீர்கள். மல்லாக்கப் படுக்கும்போது வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரலில் மிச்சம் இருக்கும் காற்றும் குறையும். முதுகுக்கு ஆதாரம் உள்ள நாற்காலியில் நிமிர்ந்து உட்காரட்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, மூக்கால் மெதுவாக இழுத்து, மூன்று வினாடி நிறுத்தி, வாயால் விடட்டும். பத்து மூச்சு போதும், நடுவில் தலை சுற்றினால் நிறுத்தி ஓய்வெடுத்துத் தொடரலாம். "வயிற்றில் மூச்சு விடுங்கள்" என்று அவரைக் குழப்ப வேண்டாம், கீழ் விலாவின் இரு பக்கமும் உங்கள் கைகளை லேசாக வைத்து, என் கையைத் தள்ளுங்கப்பா என்று சொல்லுங்கள், அது உடனே புரியும். இருமும்போது ஒரு தலையணையைக் காயத்தின் மேல் இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமட்டும், தையல் பிய்ந்துவிடாது.

எல்லாவற்றையும் விட நடை. வீட்டுக்குள், பிறகு தாழ்வாரத்தில், பிறகு மின்தூக்கியில் இறங்கி வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியில் ஒரு சுற்று. நடக்கும்போது உடம்பே ஆழமான மூச்சைக் கேட்கும், நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

தேவாரம் பற்றி: இப்போதே வீட்டில் மெதுவான குரலில் பாடலாம், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஒரு வரியை இரண்டாக, மூன்றாகப் பிரித்துப் பாடட்டும். உச்சஸ்தாயியில் வயிற்றை இறுக்கிப் பாடுவதை மட்டும் காயம் பார்க்கும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

ஈசூன் கதிர்:

நல்ல விளக்கம், நன்றி. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும். சித்தப்பா சொன்ன மயக்க மருந்தை அப்படியே ஒதுக்கிவிட முடியுமா? எனக்கும் பித்தப்பைதான், ஆனால் லேப்ராஸ்கோப்பியிலேயே முடிந்தது. எழுந்த அன்று மாலை மூச்சு இழுத்தால் வலது தோள்பட்டை உச்சியில் குத்துகிற மாதிரி வலி, வயிற்றுக் காயத்தை விட அதுதான் என்னைப் படுத்தியது. தோளில் யாரும் கை வைக்கவில்லையே, ஏன் அங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, காற்று போகும், சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார்கள். சரியாகிவிட்டது, ஆனால் காரணம் இன்றுவரை தெரியாது. இதற்கும் உதரவிதானத்துக்கும் தொடர்பு உண்டா?

வார்டு பிசியோ:

மயக்க மருந்துக்குப் பங்கு உண்டு, ஆனால் அது ஆரம்பத்தில்தான். பொது மயக்கம் கொடுத்ததும் உதரவிதானம் தளர்ந்து மேலே ஏறுகிறது, நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் சுருக்கம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிறது, பத்தில் ஒன்பது பேருக்கு என்று சொல்வார்கள். ஆனால் அதே மருந்தை அதே நேரம் கொடுத்து முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர் ஒன்றிரண்டு நாளில் முன்பு போல மூச்சு விடுகிறார், மேல் வயிற்றைத் திறந்தவருக்கு ஒரு வாரம் தாண்டியும் இழுக்கிறது. மருந்துதான் காரணம் என்றால் இருவருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வெட்டிய இடம்தான் முக்கியம், உதரவிதானத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வேலை நடந்ததோ அவ்வளவு தொந்தரவு. சித்தப்பாவிடம் இந்த முழங்கால் கணக்கைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

உங்கள் தோள் வலி எனக்குப் பிடித்த விஷயம். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதி உயர்த்துவார்கள், வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காக. அந்த வாயு உதரவிதானத்தை இழுத்து நீட்டுகிறது, அதன் அடிப்பரப்பை எரிச்சலூட்டவும் செய்கிறது. உதரவிதானத்திலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் வேர்களுக்குப் போகிறது என்றேன் அல்லவா, தோள் உச்சியின் தோலிலிருந்து வரும் நரம்பும் அதே பகுதிக்குத்தான் போகிறது. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை, தோள் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும், நடந்தால் ஆறுதலாக இருக்கும்.

லேப்ராஸ்கோப்பியிலும் உதரவிதானம் அடங்கித்தான் போகிறது, உள்ளே தொடும் உறுப்பு அதேதானே. ஆனால் அளவு குறைவு, மீள்வதும் சீக்கிரம். அதனால்தான் முடிந்தவரை அந்த வழியில் செய்யப் பார்க்கிறார்கள். தோ பாயோ மகளின் அப்பாவுக்குத் திறக்க வேண்டி வந்தது பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அதில் குறை காண ஒன்றுமில்லை.

தாதி அக்கா:

நான் இரவு வார்டில் வேலை பார்க்கும் தாதி. பிசியோ சொன்னதோடு வீட்டில் பார்க்க வேண்டியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாதீர்கள். பாராசிட்டமாலை மருத்துவர் எழுதிய நேரப்படி, எழுதிய அளவுப்படி கொடுங்கள். உதரவிதானத்தை அது எழுப்பாது, உண்மைதான், ஆனால் இருமுவதற்கும் நடப்பதற்கும் தைரியம் வரும், அந்த இரண்டும்தான் நமக்கு வேண்டும். கோடீன், டிரமடால் போன்ற பலமான வலி மருந்துகள் கொடுத்திருந்தால் அப்பா எவ்வளவு தூங்கி வழிகிறார் என்று பாருங்கள், அவை மூச்சையும் இருமலையும் மட்டுப்படுத்தும், மலச்சிக்கலும் வரும், வயிறு உப்பினால் உதரவிதானத்துக்கு இன்னும் இடம் குறையும். முக்குவதும் காயத்துக்கு நல்லதல்ல. தண்ணீர், பழம், வேண்டுமானால் எழுதிக் கொடுத்த மலமிளக்கி.

காயத்துக்குப் பயந்து சிலர் இரவில் தட்டையாகப் படுத்துவிடுகிறார்கள், அப்படி வேண்டாம். தலைப்பக்கம் இரண்டு மூன்று தலையணை வைத்து உயர்த்திப் படுக்கட்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி, காலைக் கீழே விட்டு எழட்டும். நேராக வயிற்றை மடக்கி எழவே கூடாது.

மூன்று பந்துக் கருவியில் நான் அடிக்கடி பார்ப்பது, ஊதுவது. ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூன்று பந்தையும் ஒரே இழுப்பில் மேலே தூக்குவது வெற்றி என்று நினைத்து மாமாக்கள் பலர் பக்கத்துப் படுக்கைக்காரரோடு போட்டி போடுவார்கள், அது வேகத்தைத்தான் காட்டும், ஆழத்தை இல்லை. முதல் பந்து எழும்பி, மேலேயே கொஞ்ச நேரம் நிற்கும்படி மெதுவாக நீளமாக இழுத்தால் போதும். கருவி இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை, வெறும் ஆழ்மூச்சை விட அது கூடுதலாக நன்மை தருவதாக ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. கண்முன் மேசையில் இருந்தால் ஞாபகம் வரும், அந்த அளவுக்கு அது நல்லது.

இனி, காத்திருக்கக் கூடாதவை. திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, இரத்தம் கலந்த சளி, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது, இவற்றில் ஏதாவது வந்தால் உடனே 995, சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும், கூடவே மூச்சும் வாங்கினால் 995. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மஞ்சள் பச்சையாகச் சளி, நாளுக்கு நாள் மூச்சு குறைந்துகொண்டே போவது என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள், அடுத்த அப்பாயின்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மெதுவாகத் தேறுவது பரவாயில்லை. தேறிக்கொண்டிருந்தவர் திரும்ப இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்று, ஆங்கிலம் புரியாவிட்டால் வார்டிலேயே கேளுங்கள். தமிழ் பேசும் ஒருவர் எங்காவது இருப்போம், கூப்பிட்டால் வருவோம். நோயாளி தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிற பழக்கம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. செய்து காட்டுங்கள் என்று நோயாளியிடம் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

புக்கிட் பாத்தோக் வாசகி:

இதைப் படித்ததில் எனக்கு இரண்டு கேள்வி வந்துவிட்டது. ஒன்று, எங்கள் வீட்டில் பெரியவர்கள் வயிற்றில் ஆபரேஷன் என்றால் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். மூச்சே குறையும்போது கட்டுவது நல்லதா கெட்டதா?

இரண்டாவதுதான் முக்கியம். என் கணவருக்கு அடுத்த மாதம் பெருங்குடலில் அறுவை சிகிச்சை, திறந்துதான் செய்வார்கள் போலிருக்கிறது. 58 வயது, இளமையிலிருந்து புகை பிடிக்கிறார். இப்போது நிறுத்தினால் சளி அதிகமாகி மூச்சுக்கு இன்னும் ஆபத்து என்று அவருடைய நண்பர் சொல்லியிருக்கிறார், அதையே பிடித்துக்கொண்டு நிறுத்த மாட்டேன் என்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு செய்ய வேண்டியதெல்லாம் புரிகிறது, முன்னாலேயே ஏதாவது செய்ய முடியுமா?

தோ பாயோ மகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பிசியோ எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், நரம்பு அறுபடவில்லை என்ற வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அப்பா இப்போது நாற்காலியில்தான் இருக்கிறார். விலாவில் கை வைத்துத் தள்ளச் சொன்ன முறை உடனே பிடிபட்டது, வலது பக்கம் கொஞ்சம்தான் நகர்கிறது, இடது பக்கம் நன்றாகத் தள்ளுகிறார். கருவியில் ஊதிக்கொண்டுதான் இருந்தார், மாற்றிவிட்டோம். வலது பக்கம் குறைவாக இருப்பது காயம் அந்தப் பக்கம் இருப்பதாலா?

வார்டு பிசியோ:

ஆமாம், வெட்டும் கல்லீரல் பக்கத்து வேலையும் வலப்பக்கம் என்பதால் அந்தப் பக்கம் மெதுவாகத்தான் வரும். கையை வலது விலாவில் கொஞ்சம் அதிக நேரம் வையுங்கள், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து வலப்பக்கம் மேலே இருக்கும்படி சில ஆழ்மூச்சுகள் எடுக்கட்டும். மறுபரிசோதனைக்குப் போகும்போது இதை மருத்துவரிடமும் சொல்லுங்கள், கையால் தட்டிப் பார்ப்பார், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்.

புக்கிட் பாத்தோக் வாசகிக்கு. கட்டுவது பற்றி: வயிற்றுக்கென்று விற்கும் எலாஸ்டிக் பட்டை பொருத்தமான அளவில் இருந்தால் நுரையீரல் திறனைக் கெடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, எழுந்து நடக்கத் தைரியம் கிடைக்கிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். விலாவின் மேல் ஏறாமல், உட்கார்ந்து ஆழமாக இழுக்கும்போது தடுக்காத அளவில் இருக்க வேண்டும். புடவைத் துணியை விலாவோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினால், உதரவிதானம் அடங்கியிருக்கும்போது உதவிக்கு வந்த விலாத் தசைகளையும் கட்டிப்போடுவதாகும், அது வேண்டாம். உங்கள் சர்ஜனைக் கேட்டு வாங்குங்கள், ஸ்டோமா பை (குடலை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே திறந்து, மலம் சேர ஒட்டும் பை) வைக்க வாய்ப்பிருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

கணவர் விஷயம்தான் எனக்குப் பெரிது. நிறுத்தினால் சளி கூடி ஆபத்து என்பது பழைய பயம், தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. நான்கு வாரமாவது முன்னால் நிறுத்தினால் நுரையீரல் சிக்கல் குறைகிறது, எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது, காயம் ஆறுவதற்கும் நல்லது. அடுத்த மாதம் என்றால் இன்றைக்கு நிறுத்தினால் கணக்கு சரியாக வரும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்டால் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, ஆலோசனை எல்லாம் ஏற்பாடு செய்வார்கள். வெறும் மன உறுதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள், உதவியோடு நிறுத்துவது சுலபம்.

முன்னாலேயே செய்வது பற்றி நீங்கள் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல் வயிற்று அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்த 441 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குச் சிறு புத்தகம் மட்டும். இன்னொரு பகுதியினருக்கு அந்தப் புத்தகத்தோடு, அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு பிசியோ ஒரே ஒருமுறை 30 நிமிடம் உட்கார்ந்து, உங்கள் நுரையீரலுக்கு என்ன ஆகப்போகிறது, விழித்ததும் ஏன் உடனே ஆழமாக மூச்சு விட வேண்டும் என்று விளக்கி, பயிற்சியையும் செய்ய வைத்தார். புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 27 சதவீதத்தினருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது, பிசியோவைப் பார்த்தவர்களில் 12 சதவீதத்தினருக்குத்தான் வந்தது. புது மருந்தும் இல்லை, மெஷினும் இல்லை, அரை மணி நேரப் பேச்சும் பயிற்சியும்தான். மயக்கம் தெளியாத கண்ணோடு, வலியோடு, யாரோ ஆங்கிலத்தில் சொல்வதை முதல்முறையாகக் கேட்பவருக்கும், போன வாரமே வீட்டுச் சோபாவில் செய்து பழகியவருக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் பாருங்கள்.

பெருங்குடல் என்றால் வெட்டு எதுவரை போகும் என்பதைப் பொறுத்து உதரவிதானம் பாதிக்கப்படும் அளவு மாறும். தொப்புளுக்கு மேலே ஏறினால் இவ்வளவு பேசியதெல்லாம் அவருக்கும் பொருந்தும். அறுவை சிகிச்சைக்கு முன் பரிசோதனைக்கு அழைப்பார்கள் அல்லவா, அன்று அங்கே மூன்று விஷயம் கேளுங்கள். பிசியோவை முன்கூட்டியே பார்க்க முடியுமா, எபிடியூரல் அல்லது வயிற்றுச் சுவரை மரத்துப்போக வைக்கும் ஊசி அவருக்குப் பொருந்துமா, எழுந்த முதல் நாளே நடக்க வைப்பீர்களா. பொதுவாக எபிடியூரல் எல்லோருக்கும் தேவைப்படாது, சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கும், இரத்தத்தை இலேசாக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதில் தனிச் சிக்கல் உண்டு, மயக்க மருத்துவர்தான் முடிவு செய்வார், ஆனால் கேட்பது உங்கள் உரிமை.

அதுவரை தினமும் வேகமாக நடக்கட்டும், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில், ஒருமுறை அரை மணி நேரம். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். கையை விலாவில் வைத்து ஆழ்மூச்சு, தலையணை பிடித்து இருமுவது, ஒருக்களித்து எழுவது, மூன்றையும் இப்போதே பழகட்டும். நீங்களும் கூட உட்கார்ந்து செய்யுங்கள், வார்டில் அவருக்கு மறந்துபோனால் நீங்கள் ஞாபகப்படுத்தலாம்.

புக்கிட் பாத்தோக் வாசகி:

கேட்க வேண்டிய மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். சிகரெட் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடமே போனைக் கொடுத்துப் படிக்க வைத்தேன். நாளைக்குப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பரிசோதனைக்குப் போய்வந்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.